கேள்வி பதில்: நியூகினித் தீவின் பப்புவா மொழிகள்

சென்ற இதழில், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூகினித் தீவின் மொழிகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்கள். பலரும் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: திராவிட மொழிக் குடும்பம் என்கிறோமே, அதுபோல ‘பப்புவா’ என்பதும் ஒரு மொழிக் குடும்பமா? (வாசகர், கும்பகோணம்)

இல்லை. நியூகினியிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும் பேசப்படும் மொழிகளில் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தைச் (மலாய் மொழியின் குடும்பம்) சேர்ந்தவற்றையும் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளையும் கழித்துவிட்டால் மிச்சம் எண்ணூறு மொழிகள் அளவுக்கு இருக்கும். அந்த மிச்சம் முழுவதற்கும் சேர்த்து வைத்த பெயர்தான் பப்புவா மொழிகள். 1890களில் சிட்னி ரே என்ற ஆங்கிலேயர் இந்தப் பிரிவினையை முதலில் செய்தார். உள்ளே பல பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. எந்தக் குடும்பத்திலும் சேராத தனி மொழிகளும் இருக்கின்றன. இரண்டு பப்புவா மொழிகளுக்கு இடையே உள்ள தூரம் தமிழுக்கும் சீனத்துக்கும் உள்ள தூரமாகவும் இருக்கலாம்.

இவற்றில் பெரிய குடும்பம் ‘டிரான்ஸ் நியூகினி’ எனப்படுவது. தீவின் முதுகெலும்பாக ஓடும் மலைத்தொடர் நெடுக அது பரவியிருக்கிறது. எந்த மொழிகளை அதில் சேர்ப்பது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முந்நூறிலிருந்து ஐந்நூறு வரை சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: தீவின் கிழக்குப் பாதியைக் கொண்ட பப்புவா நியூகினி நாட்டில் பேசப்படுவதெல்லாம் பப்புவா மொழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்நாட்டின் 840 மொழிகளில் கடற்கரையை ஒட்டிய பல மொழிகள் ஆஸ்ட்ரோனேசிய வகை. அவற்றைப் பேசியவர்கள் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் கடல்வழி வந்தவர்கள். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியின் மண்ணுக்குரிய மோட்டு மொழியே அந்த வகைதான். அதேபோல, நியூகினிக்கு வெளியிலும் பப்புவா மொழிகள் இருக்கின்றன. கிழக்குத் தைமூரின் ஃபத்தலுக்கு, கிராம்பு வணிகத்தால் பேர்பெற்ற தெர்னாத்தே தீவின் மொழி, ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட டாரஸ் நீரிணைத் தீவின் மெரியம் மீர் ஆகியவற்றைச் சொல்லலாம். சும்பாவா தீவின் தம்போரா மொழி 1815-ல் தம்போரா எரிமலை வெடித்தபோது பேசியவர்களோடு அழிந்தது. அதற்கு முன் எழுதி வைக்கப்பட்ட ஒரு சிறு சொற்பட்டியல் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

கேள்வி: மலைகளும் காடுகளும் மக்களைப் பிரித்து வைத்ததால்தான் இத்தனை மொழிகள் என்று பள்ளியில் படித்தேன். சரிதானா? (வாசகர், சேலம்)

பாடநூல்களில் இன்றும் இருக்கும் விளக்கம்தான். ஆனால் தீவின் வரைபடத்தைப் பார்த்தாலே அது தடுக்கி விழுகிறது. மலைகள் பிரித்தது உண்மையானால் மிக உயரமான இடங்களில்தான் மிகச் சிறிய மொழிகள் இருக்க வேண்டும். நிலைமை நேர்மாறு. எங்கா, ஹூலி, மேற்குத் தானி போன்ற லட்சத்துக்கு மேல் பேசப்படும் பப்புவா மொழிகள் எல்லாம் உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. நூறு பேர், முந்நூறு பேர் பேசும் மொழிகள் செபிக் ஆற்றுச் சமவெளியிலும் வடகரையிலும் நெருங்கிக் கிடக்கின்றன. அங்கே படகில் ஏறினால் ஒரே பகலில் நான்கு மொழிகளைக் கடந்துவிடலாம்.

காரணங்கள் பல. மனிதர் இங்கே குடியேறி ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் ஆகின்றன. மொழிகள் பிரிய வேண்டிய காலம் ஏராளமாக இருந்தது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கிழங்கோ சவ்வரிசி மரமோ கைகொடுப்பதால் சில நூறு பேர் தங்கள் நிலத்திலேயே பிழைத்துக்கொள்ள முடிந்தது. பல ஊர்களை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்து ஒரே மொழியைத் திணிக்கும் அரசு எதுவும் எழவில்லை. தாழ்நிலத்தில் மலேரியா மக்கள் தொகையை மட்டுப்படுத்தியது.

இவற்றோடு ஒரு மனப்பாங்கையும் சேர்க்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் பேசுவதிலிருந்து வேறாகப் பேசுவது அங்கே பெருமை. கலப்பு மணமும் வணிகமும் நடந்துகொண்டே இருக்கும். ஒருவர் மூன்று நான்கு மொழி பேசுவார். அப்படியும், அல்லது அப்படி இருப்பதாலேயே, தம் மொழியைத் தனித்துக் காட்டுவார்கள். பப்புவா நியூகினியைச் சேர்ந்த பூகன்வில் தீவில் பேசப்படும் பூயின் மொழியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. அதன் உய்சாய் வட்டார வழக்கில் அத்தனையும் தலைகீழ்: மற்ற ஊர்களில் ஆண்பாலாக இருப்பது இங்கே பெண்பால், பெண்பாலாக இருப்பது ஆண்பால். ஒலி மாற்றத்தாலோ கவனக்குறைவாலோ இப்படி ஒரு முழுப் புரட்டு நிகழாது. எவரோ வேண்டுமென்றே தொடங்கி ஊர் ஏற்றுக்கொண்டது என்றுதான் இதை ஆராய்ந்த டான் லேகாக் கருதினார். செலெப்பெட் மொழி பேசும் ஒரு கிராமத்தார் கூடிப் பேசி, ‘இல்லை’ என்பதற்கு அண்டை ஊர்கள் சொல்லும் சொல்லை விட்டு வேறு சொல்லை வழங்க முடிவெடுத்ததும் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: எழுத்தே இல்லாத மொழிகளுக்கு உறவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (வாசகர், மதுரை; வாசகர், கோலாலம்பூர்)

வழக்கமான வழி அடிப்படைச் சொற்களை ஒப்பிடுவது: கண், நீர், கல், இரண்டு, சாப்பிடு போன்றவை. ஓர் ஒலி ஒரு மொழியில் வரும் இடத்திலெல்லாம் இன்னொரு மொழியில் ஒழுங்காக வேறொரு ஒலி வருகிறதா என்று பார்ப்பார்கள். நியூகினியில் இந்த வழி சீக்கிரம் சறுக்கும். பல சமூகங்களில் மாமனார், மாமியார் முதலிய திருமண வழி உறவினர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் ‘கல்’ என்று பொருள்படும் சொல்லாக இருந்தால் கல்லுக்கே வேறு சொல் தேட வேண்டும். அது பெரும்பாலும் பக்கத்து மொழியிலிருந்து வரும். இப்படிச் சில தலைமுறை போனால் அடிப்படைச் சொற்பட்டியலே கடன் சொற்களால் நிறைந்துவிடும்.

அதனால் மாற்றுப் பெயர்களை, அதாவது நான், நீ, அவன் என்பவற்றை, முதன்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். இவை எளிதில் கடன் போவதில்லை. டிரான்ஸ் நியூகினிக் குடும்பத்தின் மூல வடிவங்களாகத் தன்மைக்கு ‘ன’, முன்னிலைக்கு ‘க’ ஆகியவை மீட்டமைக்கப்பட்டிருக்கின்றன. மால்கம் ராஸ் 2005-ல் ஏராளமான மொழிகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்தினார். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஓரசைச் சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவது மிக எளிது; தமிழ் ‘நான்’ கூட ‘ன’வோடு ஒத்திருப்பதாகத் தோன்றும். எனவே ஒற்றைச் சொல் ஒத்திருப்பதை யாரும் சான்றாக ஏற்பதில்லை. ஒருமை, பன்மை, தன்மை, முன்னிலை, படர்க்கை என்று முழு அட்டவணையும் ஒத்துப்போக வேண்டும். ஆண்ட்ரூ பாலி போன்ற மொழியியலாளர்கள் அதற்குமேல் சொற்களின் ஒலி ஒழுங்கையும் காட்டக் கேட்பார்கள். அதுவே சரியான கெடுபிடி.

சொல் சேகரிப்பதிலேயே தவறு நுழையும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1871-ல் ரஷ்யப் பயணி மிக்லூகோ மக்லாய் தீவின் வடகிழக்குக் கரையில் இறங்கி, போங்கு ஊர் மொழியைக் குறித்துக்கொண்டார். இலை ஒன்றைக் காட்டிப் பெயர் கேட்டால் ஆளுக்கொரு சொல் கிடைத்தது. ஒருவர் சொன்னது அந்தச் செடியின் பெயர், மற்றொருவர் சொன்னது ‘பச்சை’, வேறொருவர் சொன்னது ‘அழுக்கு’; இலை தரையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இன்று களப்பணிக்குப் போகிறவர்கள் பொருளைச் சுட்டிக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. அதே சொல்லை இரண்டு மூன்று வாக்கியங்களில் வைத்துச் சொல்லச் சொல்லி, வேறொருவரிடம் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள்.

கேள்வி: பப்புவா மொழிகளின் இலக்கணம் தமிழைப் போன்றது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியானால் தமிழுக்கும் அவற்றுக்கும் உறவு உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம், வேறு ஏழு பேர்)

முதல் பாதி பெருமளவு உண்மை. இரண்டாம் பாதிக்குச் சான்று இல்லை.

பெரும்பாலான பப்புவா மொழிகளில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முற்று வைத்து முடிக்கிறார்கள். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் போனான்’ என்பதுபோல. ஒரு கதை சொல்லும்போது பத்துப் பன்னிரண்டு எச்சங்கள் ஒரே மூச்சில் வரும்.

மடாங் நகருக்கு அருகே பேசப்படும் ஆமெலே மொழியில் ஒவ்வோர் எச்சத்திலும் ஒரு உருபு வரும். அடுத்த வினையைச் செய்பவர் இதே ஆளா, வேறு ஆளா என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். ‘பன்றி ஓடிவந்தது, ஆட்கள் கொன்றார்கள்’ என்று சொல்லும்போது ‘ஓடிவந்து’ என்பதிலேயே ‘இனி வேறு ஆள்’ என்ற அடையாளம் இருக்கும். அதோடு எச்சத்திலேயே தன்மை, முன்னிலை, படர்க்கை விகுதியும் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வாய்பாட்டு எச்சங்களும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றும், செய, செயின் முதலிய மற்றவை பிறவினைமுதலின் வினையையும் கொண்டு முடியலாம் என்றும் தொல்காப்பிய வினையியல் வகுக்கிறது. ‘உண்டு போனான்’ என்றால் இரண்டும் ஒருவர் செயல். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்றால் வினைமுதல் வேறு. இன்றைய வழக்கில் இது தளர்ந்துவிட்டது. ‘மழை பெய்து குளம் நிரம்பியது’ என்று இயல்பாகச் சொல்கிறோம். ஆமெலேயில் உருபு இன்றியமையாதது. சுவையான ஒரு விலக்கும் உண்டு: ஆள் மாறாவிட்டாலும் காலமோ இடமோ சட்டென்று மாறினால் அங்கேயும் ‘வேறு ஆள்’ உருபைப் போடுவார்கள். ‘களம் மாறுகிறது, கவனி’ என்று கேட்பவருக்குச் சொல்வதாக அமைகிறது அது.

ஆமெலேயின் இறந்தகாலம் மூன்று: இன்று நடந்தது, நேற்று நடந்தது, அதற்கு முன் நடந்தது. ‘வந்தான்’ என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை.

வினையை முடிவில் வைப்பதும் எச்சம் கோப்பதும் ஜப்பானியம், துருக்கி, எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகளில் காணப்படுகின்றன. வினை கடைசியில் வரும் மொழிகள் தாமாகவே போய்ச் சேரும் அமைப்பு இது. உறவைக் காட்ட வேண்டுமானால் முன் பதிலில் சொன்ன ஒலி ஒழுங்கும் மாற்றுப் பெயர் அட்டவணையும் வேண்டும். தமிழுக்கும் எந்தப் பப்புவா மொழிக்கும் இடையே அப்படி ஒன்றை இதுவரை யாரும் காட்டியதில்லை. காணொளிகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன, நம்பிவிடாதீர்கள்.

ஒத்திராத பக்கத்தையும் பாருங்கள். ஷ்ராடர் மலைப்பகுதியின் கலம் மொழியில் வினையடிகள் மொத்தமே சுமார் 130. ‘விறகு கொண்டுவந்தேன்’ என்பதை அவர்கள் ‘போ, விறகு வெட்டு, எடு, வா, வை’ என்ற அடிகளை வரிசையாக வைத்து, கடைசி அடியில் மட்டும் காலமும் தன்மை, முன்னிலை, படர்க்கையும் காட்டிச் சொல்வார்கள். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் தனித்தனி வினை இல்லை. ‘உணர்’ என்ற ஒரே வினையோடு கண் சேர்ந்தால் பார்த்தல், காது சேர்ந்தால் கேட்டல்.

கேள்வி: உடலுறுப்புகளைக் கொண்டு எண்ணுவது எப்படி? கூட்டல் செய்ய முடியுமா? (ஆசிரியை, திருநெல்வேலி)

முடியும். பிள்ளைகளோடு வகுப்பில் செய்து பார்க்கலாம். தீவின் நடு மலைப்பகுதியில் உள்ள ஒக்சப்மின் மக்களின் முறையைத் தருகிறோம். இதை 1970களின் கடைசியிலிருந்து ஆராய்ந்தவர் ஜெஃப்ரி சாக்ஸ்.

ஒரு கையின் பெருவிரல் 1. ஆள்காட்டி 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5. மணிக்கட்டு 6, முன்கை 7, முழங்கை 8, மேற்கை 9, தோள் 10, கழுத்தின் பக்கம் 11, காது 12, கண் 13, மூக்கு 14. அங்கிருந்து மறுபக்கம் இறங்க வேண்டும்: கண் 15, காது 16, கழுத்து 17, தோள் 18, மேற்கை 19, முழங்கை 20, முன்கை 21, மணிக்கட்டு 22. பிறகு மறுகைப் பெருவிரல் 23, சுண்டுவிரலில் 27. உறுப்பின் பெயரே எண்ணின் பெயர். மறுபக்கத்து உறுப்பென்று காட்ட ஒரு முன்னொட்டு சேரும்.

மறுபக்கத்தில் முதலில் மணிக்கட்டு வந்து, விரல்கள் பெருவிரலிலிருந்து சுண்டுவிரலுக்குப் போவதைக் கவனியுங்கள். முன்பக்கத்தை அப்படியே திருப்பிப் போட்டால் சுண்டுவிரல் 23 ஆகிவிடும். கண்ணாடிப் பிம்பம் மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் தவறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது 7-ஐயும் 5-ஐயும் கூட்டுவோம். முன்கைவரை எண்ணிவிட்டு அடுத்தடுத்த உறுப்பாக மேலே ஏறினால் ஐந்து முடிந்ததா என்று தெரியாமல் போகும். எண்ணுவதற்கும் கணக்கு வைப்பதற்கும் ஒரே உடல்தான் இருக்கிறது. பணம் அதிகம் புழங்காதவர்கள் இங்கே தடுமாறினார்கள் என்று சாக்ஸ் பதிவு செய்கிறார். கடை வைத்துப் பழகியவர்கள் ஒரு வழி கண்டார்கள். முன்கைக்கு அடுத்த முழங்கையைத் தொட்டு ‘பெருவிரல்’ என்பார்கள், மேற்கையைத் தொட்டு ‘ஆள்காட்டி’, தோளைத் தொட்டு ‘நடுவிரல்’, கழுத்தைத் தொட்டு ‘மோதிரவிரல்’, காதைத் தொட்டு ‘சுண்டுவிரல்’. ஐந்து முடிந்தது, கை நிற்பது காதில். விடை 12. பணம் வந்ததால் பழைய எண்முறை அழிந்துவிடவில்லை, அதற்குள்ளேயே ஒரு புதிய கணக்கு முறை பிறந்தது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்றிருந்த காலத்தில், மறு முழங்கையில் நிறுத்தி ‘ஒரு பவுண்ட்’ என்று மீண்டும் பெருவிரலுக்கு வருவதும் பழக்கமாயிற்று.

எல்லா மொழியிலும் 27 என்று எண்ணிவிட வேண்டாம். ஹூலி மொழி பதினைந்தை அடிப்படையாகக் கொண்டது. 15 பதினைந்துகள் சேர்ந்தால் 225. தென்கரைச் சமவெளியின் கானும், கொம்ன்சோ, நென் மொழிகளில் அடிப்படை ஆறு. அங்கே வள்ளிக்கிழங்கு அறுவடையை எண்ணும்போது இரண்டு பேர் ஆளுக்கு மூன்றாக எடுத்து வைக்க ஆறு ஆகும். ஆறு முறை வைத்தால் 36. அது போல 216, 1296, 7776 என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. தீவின் எண்முறைகளை நூற்றுக்கணக்கான மொழிகளில் தொகுத்தவர் கிளெண்டன் லீன். ‘பழங்குடியினருக்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது’ என்ற பழைய கதைக்கு அந்தத் தொகுப்பு ஒன்றே போதுமான மறுப்பு.

கேள்வி: உலகிலேயே மிகக் குறைந்த எழுத்துகள் கொண்ட மொழி இங்கே உள்ளதாமே? (வாசகர், ஈரோடு)

பூகன்வில் தீவின் ரொடொக்காஸ் மொழியைச் சொல்கிறீர்கள். அதன் ரோமன் நெடுங்கணக்கில் 12 எழுத்துகள். பொருளை வேறுபடுத்தும் ஒலிகள் 11 மட்டுமே. நடு ரொடொக்காஸ் வழக்கில் ம, ன போன்ற மூக்கொலிகளுக்குத் தனி இடம் கிடையாது. பப்புவா நியூகினியின் ராசெல் தீவில் பேசப்படும் யெலி மொழியில் இத்தகைய ஒலிகள் 90 அளவுக்கு இருக்கின்றன.

கேள்வி: காட்டுக்குள் போனால் மட்டும் வேறு மொழி பேசும் மக்கள் உண்டா? (வாசகர், கொழும்பு)

உண்டு. மலைக் காடுகளில் தாழை இனத்து மரம் ஒன்று பெரிய உருண்டைக் காய் விடும். உள்ளே எண்ணெய்ப் பசையுள்ள பருப்பு. அதைப் பறிக்கக் குடும்பத்தோடு காட்டில் தங்கும்போது கலம் மக்கள் அன்றாடச் சொற்களை விட்டுவிட வேண்டும். பேசினால் பருப்பு கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. ஒலியும் இலக்கணமும் மாறாது. பெயரும் வினையும் பெரும்பாலும் எல்லாமே மாறும். ஆயிரம் அளவுக்கு மாற்றுச் சொற்கள் இருப்பதாக ஆண்ட்ரூ பாலி கணக்கிட்டார். கசோவரி என்னும் பெரும்பறவையைச் சமைக்கும்போதும் இதே தாழை மொழிதான். கேவா மக்களிடமும் இத்தகைய வழக்கு உண்டு.

கேள்வி: இந்த மொழிகள் நிலைக்குமா? (வாசகர், புதுச்சேரி, வாசகர், சிங்கப்பூர்)

பெரிய மொழிகள் தாக்குப்பிடிக்கும். சிறியவற்றின் நிலைமை கவலைக்குரியது. அது எப்படி நிகழ்கிறது என்பது ஒரு கிராமத்தில் மிக நுணுக்கமாகப் பதிவாகியிருக்கிறது. செபிக், ராமு ஆறுகளின் கழிமுகங்களுக்கு இடையே காப்புன் என்னும் ஊர். அதன் தாயாப் மொழிக்கு உலகில் உறவு மொழியே இல்லை. மானிடவியலாளர் டான் கூலிக் 1980களின் நடுவில் அங்கே போனபோது பேசியவர்கள் நூறுக்கும் குறைவு. சிறு பிள்ளைகள் யாரும் பேசவில்லை. இன்று சில பத்துப் பேரே எஞ்சியிருக்கிறார்கள்.

யாரும் தடை விதிக்கவில்லை. டொக் பிசின் என்னும் பொதுமொழி பள்ளி, தேவாலயம், வேலை, அறிவு என்பவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டது. தாயாப் முரட்டுப் பிடிவாதத்தோடும் பழைய காலத்தோடும் சேர்ந்துவிட்டது. பெற்றோர் பிள்ளைகளிடம் தாயாப்பில் தொடங்கி, உடனே அதையே டொக் பிசினில் திருப்பிச் சொன்னார்கள். குழந்தைக்கு இரண்டாவதைக் கவனித்தால் போதுமென்று ஆயிற்று. கேட்டால் ‘பிள்ளைகள்தான் பேச மறுக்கிறார்கள்’ என்று பெற்றோர் மெய்யாகவே நம்பிச் சொன்னார்கள். ஒரே தலைமுறையில் முடிந்துவிட்டது.

1990களின் கல்விச் சீர்திருத்தத்தில் பப்புவா நியூகினி அரசு முதல் வகுப்புகளைத் தாய்மொழியில் நடத்தத் தொடங்கியது. நானூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பள்ளிக்குள் வந்தன. அளவில் உலகில் வேறெங்கும் நடக்காத முயற்சி அது. பாடநூல் அச்சிடப் பணம் போதவில்லை, ஊருக்கு வந்த ஆசிரியருக்கு அந்த ஊர் மொழி தெரியாமல் போனது, நகரங்களில் ஒரே வகுப்பில் பத்து மொழிப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 2013-ல் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலம் என்று கொள்கை மாறியது. குறைகளைச் சரிசெய்திருக்கலாம், திட்டத்தையே கைவிட்டது பெரிய இழப்பு என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஒரு பப்புவா மொழியைக் கற்க ஆசை. எங்கே தொடங்குவது? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

முதலில் டொக் பிசின் கற்றுக்கொள்ளுங்கள். அது பப்புவா மொழி அல்ல, ஆனால் பல பப்புவா மொழி அகராதிகளில் பொருள் அதிலும் தரப்பட்டிருக்கும். பிறகு நல்ல இலக்கணமும் கதைத் தொகுப்பும் ஒலிப்பதிவும் மூன்றும் கிடைக்கும் மொழியாகத் தேர்ந்தெடுங்கள். கலம், ஆமெலே, கொம்ன்சோ ஆகியவற்றுக்கு விரிவான விளக்கங்கள் உண்டு. கலம் மொழிக்கு 2011-ல் வந்த பெரிய அகராதியும் இருக்கிறது. ஒலிப்பதிவுகளுக்கு 2003-ல் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய ‘பாரடிசெக்’ ஆவணக் காப்பகத்தில் பதிவுசெய்து பாருங்கள். சில பதிவுகளை அந்தந்தச் சமூகத்தின் விருப்பப்படி மூடி வைத்திருப்பார்கள். அவற்றை வேறு வழியில் தேட வேண்டாம்.

படிக்கும்போது தனிச் சொற்களை மனப்பாடம் செய்வதில் நேரம் போக்காதீர்கள். இரண்டு நிமிடக் கதை ஒன்றை எடுத்து, எச்சம் எச்சமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ‘அதே ஆள்’, ‘வேறு ஆள்’ என்று குறித்துக்கொண்டே போங்கள். தமிழ் எச்சங்களோடு வளர்ந்தவர்களுக்கு அது விரைவில் பிடிபடும்.